"என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்பதற்கு முன்னால்

சமூகப்பணி படிக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் சென்னையின் குடிசைப் பகுதிகளுக்கும் ஹவுசிங் போர்டு குடியிருப்புகளுக்கும் கணக்கெடுக்க வருகிறார்கள். வழிகாட்ட நானும் கூடப் போவதுண்டு. அவர்கள் கையில் இருக்கும் படிவத்தில் வீட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் கேள்வி இருக்கும்: கூரை ஓலையா ஷீட்டா, கக்கூஸ் உள்ளேயா வெளியேயா, தண்ணீர் குழாயிலா லாரியிலா. வேலையைப் பற்றிக் கேட்க ஒரே ஒரு கட்டம், "தொழில்" என்று. எனக்கு இதுதான் பெரிய ஆதங்கம்.

வியாசர்பாடி பக்கம் ஓர் அக்காவைத் தெரியும். விடிவதற்குள் கிளம்பி இரண்டு அபார்ட்மெண்ட் வீடுகளில் பாத்திரம், துணி, பெருக்கித் துடைப்பது. திரும்பி வந்து சமைத்துவிட்டு மத்தியானம் வாசலில் உட்கார்ந்து முழக் கணக்கில் பூ கட்டுவார். பொழுது சாய்ந்தால் அவருடைய அம்மா போடும் இட்லிக் கடையில் மாவரைப்பதில் இருந்து பாத்திரம் கழுவுவது வரை அவர்தான். இத்தனையும் அந்தக் கட்டத்துக்குள் "வீட்டு வேலை" என்று அடங்கிவிடும். பதில் சொல்கிறவர் வீட்டுக்காரராக இருந்தால் அதுவும் கிடையாது, "அது சும்மாத்தாம்மா வீட்ல இருக்குது" என்பார், மாணவியும் அப்படியே எழுதிக்கொள்வாள்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பது இல்லை. 1960களின் நடுவில் கீத் ஹார்ட் என்ற மானிடவியலாளர் கானாவின் தலைநகர் அக்ராவில் நீமா என்ற பகுதியில் தங்கி ஆய்வு செய்தார். வேலையில்லாதவர்கள் என்று பொருளாதாரக் கணக்குகளில் பதிவாகிற ஆட்கள் அங்கே ஒரே நாளில் இரண்டு மூன்று வழிகளில் சம்பாதித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். 1973இல் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் முறைசாரா வருமானம், அதாவது எந்தப் பதிவேட்டிலும் வராத சம்பாத்தியம், என்ற பேச்சே பரவலானது. ஐம்பது வருடம் தாண்டியும் நம் படிவங்கள் இன்னும் ஒரு மனிதருக்கு ஒரு தொழில் என்றே நினைக்கின்றன.

அதனால் கூட வரும் பிள்ளைகளிடம் நான் சொல்வது, "என்ன வேலை?" என்று தொடங்காதீர்கள், "நேத்து காலையில எழுந்ததுல இருந்து சொல்லுங்கக்கா" என்று கேளுங்கள். 2019இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பும் ஏறக்குறைய இப்படித்தான் கேட்டது, விடியற்காலை 4 மணியில் இருந்து மறுநாள் 4 மணி வரை அரை மணி அரை மணியாக. அப்புறம், காலை 11 மணிக்குப் போகவே போகாதீர்கள். அந்த நேரத்தில் சித்தாள், மேஸ்திரி, மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர், கார்ப்பரேஷன் துப்புரவு ஒப்பந்தத்தில் போகிறவர் யாரும் இருக்கமாட்டார்கள். வயதானவர்களையும் குழந்தைகளையும் மட்டும் பார்த்துவிட்டு "இங்கே வேலைவாய்ப்பு குறைவு" என்று அறிக்கை எழுதுவது அநியாயம்.

வருமானத்தையும் நேராகக் கேட்டால் சரியான பதில் வராது. கடனைக் கேட்டால் வரும். தண்டல் என்று சென்னையில் எல்லோருக்கும் தெரியும்: பத்தாயிரம் என்று பேசி, கையில் 8,500 போலக் கொடுத்து, தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் வசூலிப்பது. சாயங்காலம் வசூலுக்கு வரும் ஆளுக்கு அந்தத் தெருவில் யாருக்கு இன்று வேலை கிடைத்தது, யாருக்கு இல்லை என்று அத்துப்படி. வட்டி கொடுமைதான், அதை நியாயப்படுத்தவில்லை. ஆனால் கடைக்கு முதல் போடுவதும், பள்ளிக்கூடச் செலவும், ஆஸ்பத்திரியும் இதில்தான் ஓடுகிறது என்பதைப் பதிவு செய்யாமல் அந்த வாழ்க்கையைப் பற்றி எதைச் சொன்னாலும் பாதிதான்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. வேலையை எண்ணாத கணக்கை வைத்துத்தான் ஆட்களை இடம் மாற்றுகிறார்கள். 1971ஆம் ஆண்டு குடிசைப் பகுதிச் சட்டத்தின் கீழ் சென்னையில் 1,202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன, 1985இல் 17 சேர்ந்தன, அதற்கப்புறம் பல பத்தாண்டுகளாகப் பட்டியல் வளரவே இல்லை. பட்டியலில் இல்லாத பகுதி ஆக்கிரமிப்பு ஆகிவிடுகிறது. 2000இல் இருந்து கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளில் இருந்து பெரும்பாக்கம் என்று நகரத்தின் தெற்கு ஓரத்துக்குக் குடும்பம் குடும்பமாக அனுப்பினார்கள். ஓலைக்குப் பதில் கான்கிரீட் என்று பார்த்தால் கணக்கு நேராகத்தான் இருக்கும். மயிலாப்பூரில் நடந்து போய் மூன்று வீடுகளில் வேலை பார்த்த பெண் பெரும்பாக்கத்தில் இருந்து எத்தனை மணிக்குக் கிளம்புவாள், பூ யார் வாங்குவார்கள், கைக்குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதற்கு அதில் கட்டமே இல்லை. 2021 மே மாதத்தில் இருந்து சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அது உண்மையிலேயே பெரிய உதவி. பயண நேரம் மட்டும் குறையவில்லை.

இந்த வாதத்தை மும்பை நடைபாதைவாசிகள் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார்கள். ஓல்கா டெல்லிஸ் வழக்கில் 1985இல் வந்த தீர்ப்பு, உயிர் வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று சொன்னது. வேலைக்குப் பக்கத்தில் இருக்கத்தான் அவர்கள் அங்கே வாழ்கிறார்கள், அப்புறப்படுத்தினால் பிழைப்பு போய்விடும் என்பதையும் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் முறையாக நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம் என்றது. பிழைப்பு போய்விடும் என்று ஒத்துக்கொண்ட பிறகும் அகற்ற அனுமதித்ததை என்னால் இன்று வரை ஏற்க முடியவில்லை.

இந்த வருடம் போகிற பிள்ளைகளுக்கு ஒன்று. ஆங்கிலத்தில் அறிக்கை எழுதி மதிப்பெண் வாங்கியதோடு விட்டுவிடாமல், அதைத் தமிழில் சுருக்கி எடுத்துக்கொண்டு திரும்பப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கோயில் பக்கமோ ரேஷன் கடைத் திண்ணையிலோ உட்கார்ந்து சத்தமாகப் படியுங்கள். தப்பு எங்கே என்று அவர்களே சொல்வார்கள். போன முறை "வேலையற்றோர்" என்ற வரி வந்ததும் நாலைந்து பெண்கள் படிக்கவே விடவில்லை. அப்பளம் காய வைப்பது, ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைப்பது, காயலான் கடைக்கு ஒயர் உரித்துக் கொடுப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல மாணவி ஓரத்தில் எழுதிக்கொண்டே போனாள், ஓரம் போதாமல் பின்பக்கமும் திருப்ப வேண்டியதாயிற்று.