ஆண் மீனின் ரத்தத்தில் முட்டைக்கரு

எங்கள் ஆய்வகத்துக்கு வருகிற மீன்கள் பார்க்க நன்றாகவே இருக்கும். வெள்ளிச் செதில், சிவந்த துடுப்பு, சிவந்த கண். ரோச் என்று பெயர். நம் ஊர்க் கெண்டைக்குத் தூரத்து உறவு. இங்கிலாந்து ஆறுகளில், சுத்திகரிப்பு நிலையத்துக் கழிவுநீர் வந்து கலக்கும் இடத்துக்குக் கீழே பிடித்தவை. உடம்பில் புண் கிடையாது, வீக்கம் கிடையாது. தூண்டில்காரர் கையில் சிக்கியிருந்தால் எடை பார்த்துச் சந்தோஷப்பட்டு மறுபடி ஆற்றிலேயே விட்டிருப்பார். இந்த மீன்களுக்கு என்ன ஆயிற்று என்பது உள்ளே பார்த்தால்தான் தெரியும். அதைப் பார்ப்பதுதான் என் வேலை.

நான் திசுவியல் தொழில்நுட்பப் பணியாளர். முன்பு மருத்துவமனை லேபில் மனிதத் திசுக்களோடு இருந்தேன். அப்புறம் மீனுக்கு மாறினேன். வேலைமுறை கிட்டத்தட்ட ஒன்றுதான். மயக்க மருந்தில் இறந்த மீனின் வால்பக்கத்து நாளத்திலிருந்து முதலில் ரத்தம் எடுப்போம். பிறகு வயிற்றைத் திறந்து விந்தகத்தை எடுத்து, திசு கெடாமல் காக்கும் பூயான் கரைசலில் போடுவோம். அடர்மஞ்சள் கரைசல் அது, விரலில் பட்டால் லேசில் போகாது. அங்கிருந்து ஆல்கஹால், பிறகு பாரஃபின் மெழுகு. மெழுகுக் கட்டியை மைக்ரோடோமில் பொருத்தி, ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு தடிமனுக்குச் சீவ வேண்டும். சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டி நாடாவாக நீளும். வெந்நீரில் மிதக்கவிட்டுச் சுருக்கம் எடுத்து, ஸ்லைடில் ஏற்றி, ஹெமடாக்ஸிலினும் ஈயோசினும் கொண்டு சாயம் ஏற்றுவோம்.

இனப்பெருக்கக் காலத்து ஆண் ரோச்சின் விந்தகம் மைக்ரோஸ்கோப்பில் ஒரே சீராகத் தெரியும். விந்தணுக்கள் கரும்புள்ளிகளாக நெருங்கிக் கிடக்கும். கழிவுநீர் கலக்கும் இடத்து மீனில், அந்தப் புள்ளிகளுக்கு நடுவே அங்கங்கே பெரிய ஊதா உருண்டைகள் இருக்கும். உருண்டைக்குள் வெளிறிய பெரிய உட்கரு. அது முட்டைச் செல். பெண் மீனின் சினைப்பையில் இருக்க வேண்டியது ஆணின் விந்தகத்துக்குள் வளர்ந்திருக்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஆய்வுப் படிப்புக்கு வந்த தங்கை ஒருத்தி முதன்முறை இதைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது ஆணோ பெண்ணோ?" என்று கேட்டாள்.

"ஆண்தான்மா. கொஞ்சம் நகர்த்தி ஓரத்தைப் பார்."

விந்தகம் சாதாரணமாக உடற்சுவரோடு ஓர் இடத்தில்தான் ஒட்டியிருக்கும். சினைப்பை இரண்டு இடத்தில் ஒட்டி, நடுவே முட்டை இறங்குவதற்கு ஒரு குழி விட்டிருக்கும். அவள் பார்த்த மீனில் விந்தகமும் இரண்டு இடத்தில் ஒட்டியிருந்தது, குழியும் இருந்தது. குஞ்சாக இருந்த காலத்திலேயே அந்த உடம்புக்குத் தவறான செய்தி போய்விட்டது என்பதற்கு அது அடையாளம். அவள் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. "வெளியில பாத்தா ஒண்டுமே தெரியேல்லையே அக்கா" என்றாள்.

இதை முதலில் கவனித்தவர்கள் தூண்டில்காரர்கள்தான். 1970களின் இறுதியில், லண்டனுக்கு வடக்கே ஓடிவரும் லீ ஆற்றுப் பகுதியில், சுத்திகரிப்பு நிலையத்துக் குட்டைகளில் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத ரோச்கள் சிக்கின. புரூனல் பல்கலைக்கழகத்தின் ஜான் சம்ப்டரும் அரசு மீன்வள ஆய்வகத்தினரும் இதைத் துருவத் தொடங்கினார்கள். அவர்கள் செய்த சோதனையின் எளிமையை நான் இன்றும் ரசிக்கிறேன். டிரௌட் மீன்களைக் கூண்டில் அடைத்து, கழிவுநீர் வெளியேறும் வாயில் சில வாரம் வைத்தார்கள். பிறகு ரத்தத்தில் வைட்டலோஜெனினை அளந்தார்கள்.

வைட்டலோஜெனின் என்பது முட்டைக்கருவுக்கான மூலப்புரதம். பெண் மீனின் சினைப்பை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைச் சுரக்கும். அது ரத்தத்தில் கல்லீரலுக்குப் போகும். கல்லீரல் இந்தப் புரதத்தைத் தயாரித்து முட்டைகளுக்கு அனுப்பும். ஆணின் கல்லீரலிலும் இதற்கான மரபணு இருக்கிறது, ஆனால் உத்தரவு வராததால் தூங்குகிறது. வெளியிலிருந்து ஈஸ்ட்ரோஜனோ அதைப் போன்ற வேறொன்றோ வந்தால் கல்லீரல் வேறுபாடு பார்ப்பதில்லை, வேலையைத் தொடங்கிவிடும். கூண்டு மீன்களின் ரத்தத்தில் இந்தப் புரதம் இடத்துக்கு இடம் 500 மடங்கிலிருந்து 1,00,000 மடங்கு வரை ஏறியிருந்தது. 1994இல் அந்த முடிவுகள் வெளியாயின. 1998இல் சூசன் ஜோப்ளிங் குழு காட்டு ரோச்களையே திறந்து பார்த்தது. ஏர், நீன் ஆகிய ஆறுகளில், கழிவுநீர் கலக்கும் இடத்துக்குக் கீழே பிடித்த ஆண் மீன்கள் அத்தனையிலும் பெண் அடையாளம் இருந்தது.

எந்த வேதிப்பொருள் என்று தேடியபோது முதலில் கிடைத்தவை தொழிற்சாலை ரசாயனங்கள் அல்ல. ஈஸ்ட்ரோன், எஸ்ட்ரடையால் என்ற இயற்கை ஹார்மோன்களும், கருத்தடை மாத்திரையில் உள்ள எத்தினைல் எஸ்ட்ரடையாலும்தான். நம் உடல் ஹார்மோனை வெளியேற்றும்போது அதோடு வேறொரு மூலக்கூறை ஒட்டி, செயலிழக்க வைத்துத்தான் சிறுநீரில் அனுப்புகிறது. சாக்கடையில் உள்ள பாக்டீரியாக்கள் அந்த ஒட்டைப் பிரித்துவிடுகின்றன. ஹார்மோன் மறுபடி உயிர் பெறுகிறது. சுத்திகரிப்பு நிலையம் பெரும்பகுதியை அழித்தாலும் மிச்சம் ஆற்றுக்கு வந்துவிடும். அந்த மிச்சமே போதும். எத்தினைல் எஸ்ட்ரடையால் லிட்டருக்கு 1 நானோகிராம் இருந்தாலே மீனின் கல்லீரல் விழித்துக்கொள்ளும். நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன்: மேட்டூர் அணை 93.47 டி.எம்.சி. நிரம்பித் ததும்பும்போது அத்தனை தண்ணீரையும் அந்த அளவுக்குக் கொண்டுவர இரண்டே முக்கால் கிலோ கூட வேண்டாம்.

அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து பழியெல்லாம் மாத்திரை சாப்பிடும் பெண்கள் தலையில் விழுந்துகொண்டிருக்கிறது. இது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம். மாத்திரையே இல்லாத ஊரிலும் இயற்கை ஹார்மோன்கள் சாக்கடைக்கு வரத்தான் செய்யும். ஆண்களும் அவற்றை வெளியேற்றுகிறார்கள். ஏர் ஆற்றின் கதையோ வேறு. யார்க்‌ஷயரில் கம்பளி கழுவும் ஆலைகள் பயன்படுத்திய சோப்புப் பொருள் சிதைந்து நோனைல்பீனாலாக மாறி ஆற்றுக்கு வந்தது. அதன் வடிவம், செல்லில் ஈஸ்ட்ரோஜன் வந்து பொருந்தும் ஏற்பியில் போய் உட்காரும் அளவுக்கு ஒத்துப்போகிறது. ஆலைகள் அதைக் கைவிட்டபோது கூண்டு மீன்களின் வைட்டலோஜெனினும் குறைந்தது. பிறகு ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் அதன் பயன்பாட்டுக்குக் கடிவாளம் போட்டது. காவிரியிலும் தாமிரபரணியிலும் இதே நோனைல்பீனால் இருப்பதைத் தமிழகத்து ஆய்வாளர்கள் அளந்து எழுதியிருக்கிறார்கள். படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை.

சரி, மீன் உயிரோடுதானே இருக்கிறது, அப்புறம் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கூட்டங்களில் அதிகாரிகளே கேட்டிருக்கிறார்கள். இதற்கு ஒற்றை வரியில் பதில் இல்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஆய்வுக்கென்றே ஒதுக்கிய ஏரிகளில் 260 என்று எண்ணிட்ட ஏரியில், கேரன் கிட் குழு 2001 முதல் 2003 வரை கோடைதோறும் எத்தினைல் எஸ்ட்ரடையாலைக் கலந்தது. அளவு லிட்டருக்கு 5-6 நானோகிராம். ஃபேட்ஹெட் மின்னோ என்ற சிறுமீன் கூட்டம் கிட்டத்தட்ட அற்றுப்போனது. அதைத் தின்று வாழ்ந்த பெரிய டிரௌட்களும் பின்னால் குறைந்தன. கலப்பதை நிறுத்திய சில ஆண்டுகளில் சிறுமீன்கள் திரும்பி வந்தன.

இங்கிலாந்து ரோச் அந்த அளவுக்கு வீழ்ந்துவிடவில்லை. பல ஆறுகளில் தலைமுறை தலைமுறையாகக் கழிவுநீரிலேயே தாக்குப்பிடிக்கிறது. ஆனால் ஆண்கள் போட்டி போட்டு இனப்பெருக்கம் செய்யும் சோதனையில், மிக மோசமாகப் பெண்தன்மை அடைந்த ஆண்களின் வெற்றி 76 சதவீதம் வரை குறைந்ததை 2011இல் காட்டினார்கள். லேசான பாதிப்புள்ள ஆண்கள் ஏறக்குறைய வழக்கம்போலவே குஞ்சு பொரிக்க வைத்தன. என் மேஜைக்கு வரும் ஸ்லைடுகளில் லேசான வகைதான் அதிகம். கடுமையான வகை, பெரும்பாலும் வயது முதிர்ந்த மீன்களில் வருகிறது. ஆண்டுக்கணக்கில் அதே தண்ணீரில் கிடந்ததன் கூட்டுத்தொகை அது.

எனக்குச் சொல்ல இருப்பது இதுதான். ஒரு நிலையத்தின் கழிவுநீரில் பி.ஓ.டி. (அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்ஸிஜன் அளவு), அமோனியா, பாஸ்பேட் எல்லாம் விதிக்கு உட்பட்டு இருக்கலாம். பட்டியலில் உள்ள ஒவ்வொரு வேதிப்பொருளும் தனித்தனியே தீங்கில்லாத அளவில் இருக்கலாம். அத்தனையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத் தனித்தனி அளவு சொல்லாது. வலுவற்ற எட்டு ஈஸ்ட்ரோஜன் வகைப் பொருள்களை, தனியே எந்த விளைவும் காட்டாத அளவில் கலந்தபோது கூட்டாக விளைவு காட்டின என்று 2002இலேயே லண்டன் ஆய்வாளர்கள் நிரூபித்துவிட்டார்கள். மீனின் கல்லீரலுக்கு வந்து சேர்வதும் அப்படிப்பட்ட கலவைதான். மொத்தத்தையும் கூட்டிக் கணக்குச் சொல்ல அந்தக் கல்லீரலால் முடிகிறது.

சுவிட்சர்லாந்து இதை வேகமாகப் புரிந்துகொண்டது. 2016 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, 2040க்குள் சுமார் நூறு பெரிய நிலையங்களில் ஓசோன் அல்லது கிளர்வூட்டிய கரி கொண்டு இன்னொரு கட்டச் சுத்திகரிப்பைச் சேர்க்கிறார்கள். அதற்காக மக்களிடம் வாங்குவது ஆளுக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 9 ஃபிராங்க். இங்கே அப்படி ஒரு கட்டணம் வந்தால் நான் முகம் சுளிக்காமல் கட்டுவேன். அது வரும்வரைக்கும், கழிவுநீர் வெளியேறும் ஒவ்வொரு பெரிய வாயிலிலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரு கூண்டு மீனை இறக்கி ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லி, கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் என்னோடு சேர்ந்து கேட்க அந்த யாழ்ப்பாணத்துத் தங்கையும் வருகிறாள். அவளுடைய ஸ்லைடுகளையும் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.