மாடியில் கரு ஊமத்தை: நான்காம் மாதம்

நாகமலை அடிவாரத்தில் வேலியோரம் வெடித்துக் கிடந்த முள்காயிலிருந்து ஒரு பிடி விதை எடுத்துவந்தது ஆடியில். மிளகாய் விதை சற்றே தடித்தாற்போல, காது மடல் வடிவம். ஓர் இரவு ஊறவைத்து விதைத்தும் பதினெட்டு நாள் மண் அசையவில்லை. பிறகு மூன்று முளைத்தன. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன்.

"பிள்ளைகள் ஓடியாடுகிற வீட்டில் இதையாடா வளர்ப்பாய்?" என்றாள் அப்பத்தா. கேள்வி நியாயமானதுதான். கத்தரிக்குப் பங்காளிச் செடி என்றாலும் இலை, பூ, வேர் அத்தனையும் நஞ்சு, விதையும் கொடியது. கீரைத் தொட்டிகளை விட்டு விலக்கி, ஏணி வைத்து ஏறும் மேல்தளத்தில் வைத்தேன்.

புரட்டாசியில் வாலில் கொம்புள்ள, விரல் தடிமன் புழு ஒன்று பாதி இலைகளைத் தின்று தீர்த்தது. விஷம் அதற்கு விருந்து.

எனக்குத்தான் பாடம் காத்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையால் கிளை கழித்துவிட்டு, வியர்வை வழிய வலது கண்ணைத் துடைத்தேன். ஒரு மணி நேரத்தில் வெயில் ஊசியாய்க் குத்தியது. கண்ணாடியில் பார்த்தால் வலது பாவை மட்டும் மிளகு அளவுக்கு விரிந்திருக்கிறது. தெருமுனையில் வரும் பஸ்ஸின் எண் தெரிகிறது, கையிலிருக்கும் செய்தித்தாள் தெரியவில்லை! கண் மருத்துவர் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "தோட்ட வேலை செய்தீர்களா?" கண் பரிசோதனைக்கு விடும் சொட்டு மருந்துகளில் ஒன்றான அட்ரோபின் இந்தச் செடியிலேயே இருக்கிறதாம். சரியாக மூன்று நாள் ஆனது. இப்போது கையுறை இல்லாமல் ஏணியில் கால் வைப்பதில்லை.

ஐப்பசியில் முதல் மொட்டு. மடக்கிய குடைபோல் முறுக்கிக்கொண்டு, கத்தரிப்பூ நிறத்தில், என் உள்ளங்கையை விட நீளம். மாலை ஆறரைக்கு முறுக்கு தளர ஆரம்பித்தது. ஏழேகாலுக்குள் வெளிப்புனல் விரிந்து, அதற்குள் இன்னொரு புனல் எட்டிப் பார்த்தது. அடுக்கு ஊமத்தை! உள்ளே வெள்ளை, விளிம்பில் வால்போல் நீண்ட நுனிகள். வாசனை இருட்டிய பிறகே வந்தது. கூடவே, சிட்டு அளவிலான அந்துப்பூச்சி ஒன்று அமராமலே அந்தரத்தில் நின்று நீண்ட குழலை உள்ளே விட்டது. மறுநாள் மதியம் பூ துவண்டுவிட்டது.

இப்போது மூன்று காய்கள் தலைகவிழ்ந்து தொங்குகின்றன. வெடித்து விதை கீரைக்குள் விழாமலிருக்க, ஒவ்வொன்றையும் பழைய வேட்டித் துணியால் கட்டியிருக்கிறேன். துணியைக் கிழித்துக் கொடுத்தவள் அப்பத்தா. பிரதோஷத்துக்கு இரண்டு பூ வேண்டுமாம்.