இயந்திரத்தைக் கழிக்கும்போது பராமரிப்பு மென்பொருளில் செய்ய வேண்டியவை

பழைய இயந்திரத்தைக் கழிக்க முடிவானதும் பலர் மென்பொருளில் தேடுவது டெலீட் பொத்தானைத்தான். அதைத் தொடவே கூடாது. பதிவை அழித்தால் அதில் போட்ட உதிரிபாகம், வேலை நேரம், பழுதுக்கான காரணம் எல்லாம் சேர்ந்து போய்விடும். நாளை அதே மாடலை வாங்கலாமா என்று யாராவது கேட்டால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. நிலையை மாற்றினால் போதும்.

நிலைகளையும் நான்காகப் பிரித்து வைப்பது நல்லது: ஓட்டத்தில், ஸ்டாண்ட்பை (தேவைப்பட்டால் ஓட்டத் தயாராக இருப்பது), நிறுத்தப்பட்டது (இனி ஓட்டப்போவதில்லை, ஆனால் இடத்திலேயே நிற்பது), கழிக்கப்பட்டது (வெளியேற்றியது). நிறுத்தியதற்கும் வெளியேற்றியதற்கும் நடுவே மாதங்கள் ஓடிவிடும். ஸ்டாண்ட்பை மோட்டாரின் ஷாஃப்டை அவ்வப்போது கையால் சுற்றிவிட வேண்டும். இல்லையென்றால் பேரிங்கில் தடம் விழும். நிறுத்தப்பட்ட இயந்திரத்துக்கு அது தேவையில்லை. ஆனால் எண்ணெய்க் கசிவைப் பார்க்க மாதம் ஒரு வேலை இருக்கட்டும்.

நிலையை மாற்றினால் தடுப்புப் பராமரிப்பு ஷெட்யூலும் தானாக நின்றுவிடும் என்று நம்பக் கூடாது. சில மென்பொருள்களில் நிற்காது. இல்லாத இயந்திரத்துக்கு வொர்க் ஆர்டர் (வேலை உத்தரவு) வந்துகொண்டே இருக்கும், நிலுவை ஏறும். கடைசியில் செய்யாத வேலையைச் செய்ததாக மூடும் பழக்கம் வந்துவிடும். அதுதான் பெரிய கெடுதல். ஒரே கிரீஸ் ரூட்டில் (வரிசையாகக் கிரீஸ் போடும் வேலைப் பட்டியலில்) இருபது இயந்திரங்கள் இருந்தால், அதற்குள் ஒரு வரியாக ஒளிந்திருப்பதையும் தேடி எடுக்க வேண்டும்.

பணம் முடங்குவது ஸ்டோரில்தான். இயந்திரத்தின் உதிரிபாகப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பாகமும் வேறெந்த இயந்திரத்தில் பயன்படுகிறது என்று பாருங்கள். இதற்கு மட்டுமே உரியது என்றால், குறைந்தபட்ச இருப்பையும் மறு ஆர்டர் அளவையும் பூஜ்ஜியமாக்கி, நிலுவையில் உள்ள கொள்முதல் கோரிக்கையை ரத்து செய்யுங்கள். இந்த ஒரு படி விட்டுப்போனால், இயந்திரம் போன பிறகும் அதன் சீல் கிட்டை மென்பொருள் வாங்கிக்கொண்டே இருக்கும். மற்ற இயந்திரங்களுக்கும் பொதுவான பாகம் என்றால் அளவைக் குறைத்தால் போதும்.

கழற்றி வைத்துக்கொள்ளும் மோட்டார், கியர்பாக்ஸ், விஎஃப்டி (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்கருவி) ஆகியவற்றின் பதிவுகளை முதலில் ஸ்டோருக்கு மாற்றுங்கள். பிறகுதான் இயந்திரத்தின் நிலையை மாற்ற வேண்டும். மேலே உள்ள பதிவைக் கழித்தால் அதன் கீழே உள்ளவையும் சேர்ந்து கழியும் மென்பொருள்கள் உண்டு. 1000 வோல்ட்டுக்குக் கீழான மோட்டாரை அலமாரியில் வைக்கும் முன் அதன் இன்சுலேஷன் மின்தடையை 500 வோல்ட் மெக்கரில் அளந்து, அளவைப் பதிவில் எழுதுங்கள். பொதுவாக 40 டிகிரி செல்சியஸுக்குத் திருத்திய அளவு 5 மெகாஓம் இல்லையென்றால் அது உதிரிபாகம் ஆகாது.

பழைய பிஎல்சியின் (இயந்திரத்தை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியின்) ப்ரோகிராம் பேட்டரியை நம்பி மெமரியில் நிற்பதாக இருக்கலாம். மின்சாரத்தைத் துண்டிக்கும் முன்பே பேக்கப் எடுத்துப் பதிவோடு இணைத்துவிடுங்கள். துண்டித்த பிறகும் விஎஃப்டியின் கெபாசிட்டரில் மின்சாரம் இருக்கும். லேபிளில் உள்ள நேரம் காத்திருந்து, அந்தக் கெபாசிட்டர் இருக்கும் டிசி பஸ்ஸின் வோல்டேஜை அளந்த பிறகே கை வைக்க வேண்டும். ஹைட்ராலிக் அக்யூமுலேட்டரில் (எண்ணெய் அழுத்தத்தைச் சேமிக்கும் கலனில்) நைட்ரஜன் அழுத்தமும் அப்படித்தான்: எண்ணெயை வடித்தாலும் வாயு உள்ளேயே நிற்கும்.

அகற்றும் வொர்க் ஆர்டரில் ஆபத்தான பொருள்களுக்கான கேள்விகளைக் கட்டாயப் புலங்களாக வையுங்கள். நிரப்பாமல் மூட முடியாதபடி. பழைய டிரான்ஸ்ஃபார்மர், கெபாசிட்டர் எண்ணெயில் பாலிகுளோரினேட்டட் பைஃபினைல் என்ற நச்சு ரசாயனம் இருக்கலாம். இப்படிப்பட்ட ரசாயனங்களைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, 2025-க்குள் அதைப் பயன்பாட்டிலிருந்து நீக்கவும், 2028-க்குள் பாதுகாப்பாக அகற்றவும் இலக்கு வைத்தது. குளிரூட்டி வாயுவைத் திறந்துவிடாமல் சிலிண்டரில் மீட்டு, எத்தனை கிலோ என்று எழுத வேண்டும். தொட்டியின் மட்டத்தை அளக்கும் சில லெவல் கேஜ்களில் சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் இருக்கும். அது ஸ்க்ராப்போடு உலைக்குப் போனால் ஆவியாகி, பெரும்பாலும் உலையின் தூசியில் சேர்ந்து, அந்தத் தூசி கதிரியக்கம் ஏறிக் கெட்டுவிடும்.

கணக்குப் பிரிவின் சொத்து எண்ணும் பராமரிப்புப் பிரிவின் எண்ணும் ஒன்றாக இருக்காது. அங்கே ஒரு வரியாக இருப்பது இங்கே ஐந்து இயந்திரமாக இருக்கும். கழிக்கும் முன் இரண்டையும் பொருத்திப் பாருங்கள். எடைச் சீட்டையும் அகற்றல் சான்றிதழையும் பதிவிலேயே இணையுங்கள்.

டேக் எண்ணிலும் (ஆலையில் மாட்டியிருக்கும் அடையாள எண்) கவனம் வேண்டும். பி-101 என்பது இடத்தின் பெயர்; அங்கே நிற்கும் பம்புக்குச் சீரியல் எண்ணோடு தனிப் பதிவு இருக்க வேண்டும். பம்ப் மாறினாலும் இடம் மாறாது. உங்கள் மென்பொருளில் இடத்தையும் பம்பையும் பிரிக்க வழியில்லையென்றால், புதியதற்கு பி-101-2 என்று கொடுங்கள். பழைய எண்ணையே கொடுத்தால் பழைய பம்பின் பழுதுகளெல்லாம் புதிய பம்பின் கணக்கில் ஏறிவிடும்.