நெஸ்டாவின் இடத்தில் நின்றவர்

இத்தாலியின் பின்கள வீரர் மார்கோ மத்தேராஸி என்றதும் 2006 உலகக் கோப்பை கால்பந்து இறுதிப் போட்டியில் பிரான்சின் ஜிடேன் அவருடைய நெஞ்சில் தலையால் முட்டியதுதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. இந்தியன் சூப்பர் லீகில் சென்னையின் எஃப்சி அணிக்காக அவர் பெரியமேடு நேரு விளையாட்டரங்கில் ஆடியதைப் பார்த்தவன் என்ற முறையில், ஒரு முட்டலுக்குள் அவரை அடைத்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவருடைய ஆட்ட வாழ்க்கையைப் புரிந்துகொள்ள ஜிடேனைவிட, இத்தாலியின் இன்னொரு பின்கள வீரரான அலெசாண்ட்ரோ நெஸ்டாவின் பெயரே அதிகம் உதவும்.

1973இல் லெச்சே நகரில் பிறந்த மத்தேராஸியின் தந்தை ஒரு பயிற்சியாளர். ஆனாலும் மகன் மார்சாலா, திராபானி, கார்பி என்று கீழ்நிலை அணிகளில் அலைந்துதான் மேலே வந்தார். இங்கிலாந்தில் எவர்ட்டன் அணிக்காக ஆடிய ஒரே பருவத்திலும் சிவப்பு அட்டைகள்தாம் பேசப்பட்டன. இத்தாலியில் தன் பழைய அணியான பெருஜாவுக்குத் திரும்பிய பிறகு, 2000-01 பருவத்தில் 12 கோல்கள் அடித்தார். இத்தாலிய முதல்நிலை லீகில் பின்கள வீரர் ஒருவர் அதற்குமுன் ஒரே பருவத்தில் அத்தனை கோல் அடித்ததில்லை. நாட்டு அணியின் கதவு அந்த 2001ஆம் ஆண்டில்தான் திறந்தது. அப்போது அவருக்கு வயது 27.

திறந்த கதவுக்குள் ஏற்கெனவே நெஸ்டா நின்றிருந்தார். பந்தைக் காலிலிருந்து பறித்ததே தெரியாத அளவுக்கு நேர்த்தியாக ஆடுபவர் அவர். மத்தேராஸியோ மோதித்தான் பறிப்பார். 2002 உலகக் கோப்பையில் குரோவேஷியாவுக்கு எதிராக நெஸ்டா காயமடைய, மத்தேராஸி உள்ளே வந்தார்; இத்தாலி 1-2 எனத் தோற்றது. கடைசி நேரத்தில் அவர் தூக்கி அடித்த நெடும் பந்து யாரும் தொடாமலேயே வலைக்குள் சென்றும், சக வீரர் இன்சாகி செய்த ஃபவுலுக்காக அந்த கோல் மறுக்கப்பட்டது.

நான்காண்டுகள் கழித்து, ஹாம்பர்க்கில் செக் குடியரசுக்கு எதிராக மீண்டும் நெஸ்டாவுக்குக் காயம், மீண்டும் இவர். களமிறங்கிய பத்தாவது நிமிடத்துக்குள் டோட்டியின் கார்னரில் எழும்பித் தலையால் கோல் அடித்தார். அடுத்து ஆஸ்திரேலியாவுடன் சிவப்பு அட்டை, அதனால் காலிறுதியில் இடமில்லை. பெர்லின் இறுதிப் போட்டியில் பிரான்சுக்குப் பெனால்டி கிடைக்கக் காரணமானவரும், 19ஆவது நிமிடத்தில் பிர்லோவின் கார்னரில் வியேராவுக்கு மேலே எழும்பிச் சமன் செய்தவரும், 110ஆவது நிமிடத்தில் ஜிடேனைச் சீண்டியவரும், பின்னர் பெனால்டி ஷூட் அவுட்டில் பதறாமல் பந்தை வலைக்குள் செலுத்தியவரும் ஒரே மனிதர். இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு வில்லன் என்பதோ வீரன் என்பதோ எனக்குச் சோம்பேறித்தனமாகவே படுகிறது. சீண்டிய பேச்சுக்காக ஃபிஃபா அவருக்கும் இரண்டு ஆட்டங்கள் தடை விதித்தது.

இன்டர் மிலானில் பத்தாண்டுகள், 5 லீக் பட்டங்கள், 2010இல் சாம்பியன்ஸ் லீக். (முதல் லீக் பட்டம் ஊழல் விவகாரத்தில் யுவென்டஸ் அணியிடமிருந்து பறிக்கப்பட்டு வந்தது என்பதை எதிரணி ரசிகர்கள் மறக்கவே மாட்டார்கள்.)

2014இல், 41 வயதில், ஆட்டக்காரரும் பயிற்சியாளருமாகச் சென்னைக்கு வந்த அவர், ஓய்வு பெற்றிருந்த நெஸ்டாவையே அழைத்து அணியில் சேர்த்துக்கொண்டார். யாருடைய காயத்தால் வாய்ப்புப் பெற்றாரோ, அவரையே அணியில் சேர்க்கும் இடத்துக்கு வந்துவிட்டார்! வேகம் குறைந்திருந்தது, ஆனால் இடது காலால் எதிர்ப்பக்க ஓரத்துக்கு அவர் அனுப்பிய நெடும் பந்துகள், ஓடிவரும் வீரரின் காலடியிலேயே விழுந்தன. அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் கொச்சியில் 0-3 எனத் தோற்று வந்த அணி இங்கே மீள வேண்டிய இரண்டாவது ஆட்டத்தின் முதல் பாதியிலேயே அவர் சிவப்பு அட்டை வாங்கினார். கேலரியில் என்னைச் சுற்றியிருந்தவர்கள் நடுவரைத் திட்டினார்கள்; எனக்கோ மத்தேராஸி மத்தேராஸியாகவே இருக்கிறார் என்றுதான் தோன்றியது. பத்துப் பேராக மூன்று கோல்களையும் ஈடுகட்டிய சென்னை, கூடுதல் நேரத்தின் முடிவில் கேரளாவிடம் வீழ்ந்தது.

அடுத்த ஆண்டு பின்களத்தை மெய்ல்சன் ஆல்வெஸ், பெர்னார்ட் மெண்டி ஆகியோரிடம் விட்டுவிட்டுப் பயிற்சியாளராக மட்டும் நின்றார். வெள்ளத்தால் சொந்த மண்ணின் அரையிறுதி புணேவுக்கு மாற்றப்பட்டபோதும் அணி தளரவில்லை. கோவாவில் நடந்த இறுதிப் போட்டியில், 87ஆவது நிமிடத்தில் 1-2 எனப் பின்தங்கிய பிறகும் 3-2 என வென்று கோப்பையைச் சென்னைக்குக் கொண்டுவந்தது.