நுவரெலியாவில் இட்லி மாவு

ராத்திரி ஆட்டி வைத்த மாவு காலையிலும் அதே மட்டத்தில் நிற்கிறது. ஒரு கொப்புளம் இல்லை, புளித்த வாசம் இல்லை, பாத்திரத்தைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இலங்கையின் இந்தத் தேயிலை மலைக்குக் குடிவருகிறவர்களுக்கு முதல் அடி இதுதான். விசா, காசு மாற்றுவது, வீடு பிடிப்பது எல்லாவற்றையும் எப்படியோ சமாளித்துவிடலாம். அடுப்படியில் மாவு கைவிடும்போதுதான் ஊர் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்பது உறைக்கும். பக்கத்துக் காம்பரா (லயத்து வீட்டு அறை) அக்கா எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வார்: "இங்க சித்திரையிலயே பொங்காதுங்க தம்பி, தையில எங்க பொங்கப்போகுது? பேசாம ரொட்டியச் சுட்டு சம்பல் அரைங்க."

அக்கா சொல்வதில் ரொட்டி பற்றிய பாதி முழுக்கச் சரி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். மாவு பற்றிய பாதியில்தான் கொஞ்சம் வழக்கு இருக்கிறது.

மாவைப் பொங்கவைப்பது ஈஸ்ட் அல்ல, முக்கியமாக உளுந்தோடு ஒட்டிக்கொண்டு வருகிற லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். அவற்றில் லியூகோனாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்பது புளிப்போடு சேர்த்து கரியமில வாயுவையும் விடுகிறது. அந்த வாயுவை வெளியே விடாமல் பிடித்து வைப்பது உளுந்தின் புரதமும் அதன் வழவழப்பும். ஆக, உளுந்துக்கு இரண்டு வேலை: கிருமியையும் அதுவே கொண்டுவருகிறது, வாயுவுக்குச் சுவரையும் அதுவே கட்டுகிறது. கும்பகோணத்தில் 30 டிகிரியில் 8 மணி நேரத்தில் முடிகிற வேலை இது. நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பம் 16 டிகிரிதான். 10 டிகிரி இறங்கினால் உயிரிகளின் வேகம் ஏறக்குறையப் பாதியாகும் என்ற பொதுக் கணக்கைப் போட்டாலே 20 மணி நேரம் தாண்டுகிறது. இந்தக் குளிரில் கிருமி சாவதில்லை. ஐரோப்பாவில் முட்டைக்கோஸை உப்பில் ஊறவைத்துப் புளிக்கவைப்பதும் இதே லியூகோனாஸ்டாக்தான், அதுவும் 18 டிகிரி வாக்கில். குளிரில் நிதானமாக வேலை செய்யும், அவ்வளவுதான். கெடுதல் வேறு இடத்தில் வருகிறது. வாயு மெதுமெதுவாக ஊறுகிற அந்த நீண்ட நேரத்தில் அரிசிக் குருணை அடியில் தங்கிவிடுகிறது. மேலே நுரை, கீழே மணல். அதை ஊற்றினால் இட்லி கல்.

அதனால் செய்ய வேண்டியது சூட்டைக் கூட்டுவதும் உளுந்தைக் கூட்டுவதும். ஊரில் நாலுக்கு ஒன்று போட்டவர்கள் இங்கே மூன்றுக்கு ஒன்று போடலாம். வெந்தயம் ஒரு தேக்கரண்டி கூடவே ஊறட்டும், அதன் பசை குருணையைத் தாங்கும். அரிசி 4 மணி நேரம் ஊறினால் போதாது, 7 அல்லது 8 வேண்டும். அரைக்கும்போது குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, ஆட்டி எடுக்கும்போது மாவு 28, 30 டிகிரியில் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஒன்றைச் செய்தாலே பாதி வேலை முடிந்தது. உப்பைப் பொங்கின பிறகு போடுங்கள்.

பிறகு பெட்டி. சந்தையில் மீன் வருகிற ரிஜிபோம் (தெர்மக்கோல்) பெட்டியைக் கேட்டு வாங்கிக் கழுவிக்கொள்ளலாம். மூன்று லிட்டர் மாவுக்கு 60 டிகிரி வெந்நீர் நிரப்பிய ஒன்றரை லிட்டர் போத்தல் இரண்டு. 70-ஐத் தாண்டினால் பிளாஸ்டிக் போத்தல் சுருங்கி மூடி கசியும். போத்தலைத் துணியில் சுற்றி, பாத்திரத்தில் படாமல் நிறுத்த வேண்டும். பட்டால் அந்தப் பக்கத்து மாவு 40 டிகிரியைத் தாண்டும். லியூகோனாஸ்டாக் அங்கே தளர்ந்துவிடும், வாயு விடாமல் புளிப்பை மட்டும் தருகிற மற்ற பாக்டீரியாக்கள் தழைக்கும். புளிக்கும், பொங்காது. ஐந்தாறு மணி நேரத்தில் போத்தல் ஆறிவிடுவதால் விடியற்காலையில் ஒருமுறை வெந்நீரை மாற்றியாக வேண்டும். விறகடுப்பு இருக்கிற லயத்து வீடுகளில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இந்தப் பாடே இல்லை. அணைத்த அடுப்பின் மேட்டில், சாம்பலின் சூட்டுக்குப் பக்கத்தில் பாத்திரத்தை வைத்துச் சாக்கால் மூடினால் போதும். ஆப்பச்சோடா போடுகிறவர்கள் உண்டு. அது இட்லியைத் தூக்கிவிடும், ஆனால் புளிப்பைக் கொல்லும், சவர்க்கார வாடை வரும். எனக்கு அதில் சம்மதம் இல்லை.

மாவு பொங்கினாலும் அடுத்தது நீராவி. நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய 1,868 மீட்டர். காற்றழுத்தம் கீழே இருப்பதில் 80 சதவீதம்தான், தண்ணீர் 94 டிகிரிக்குக் கொஞ்சம் முன்னாலேயே கொதித்துவிடும். அதிலிருந்து வருகிற ஆவியும் அதே சூடுதான். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் தண்ணீர் சீக்கிரம் வற்றுமே தவிர இட்லிக்கு ஒரு டிகிரிகூட அதிகம் கிடைக்காது. பத்து நிமிடத்தில் எடுத்த இட்லி இங்கே பதினான்கு கேட்கிறது. 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும் என்று வைத்துக்கொண்டால் கண்டி, ஹட்டன், நுவரெலியா எந்த ஊர்க் கணக்கையும் மனதிலேயே போட்டுவிடலாம்.

திறந்த சட்டியில் துவரம்பருப்பு வேகாமல் முழித்துக்கொண்டே இருப்பதும் இதனால்தான். உப்புத் தண்ணீர் என்று பழி போட முடியாது, மலைத் தண்ணீர் மென்மையானது. பருப்பின் செல்களை ஒட்டிவைத்திருக்கிற பெக்டின் கரைவதற்குச் சூடுதான் வேண்டும். குக்கரில் வைத்தால் தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. விசிலின் எடை வெளிக்காற்றைவிட எவ்வளவு அழுத்தம் கூடலாம் என்பதைத்தான் தீர்மானிக்கிறது. வெளிக்காற்றே மெலிந்திருக்கும்போது கும்பகோணத்தில் 121 டிகிரிக்குப் போகிற குக்கர் இங்கே 117-ல் நிற்கும். நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ள வேண்டும். அல்லது இலங்கை முழுக்கச் செய்கிற மாதிரி மைசூர்ப் பருப்புக்கு மாறிவிடலாம், தோல் நீக்கி உடைத்த மெல்லிய பருப்பு அடம்பிடிக்காது. சாம்பாருக்கு அது சரிப்படாது என்று நினைக்கிற நாக்கு சில மாதம் முரண்டு பிடிக்கும்.

இப்போது அக்காவின் ரொட்டி. தோட்டங்களில் கோதுமை மாவு பங்கீடாக வந்த காலத்திலிருந்து மலையக வீடுகளில் ஊறிப்போன சாப்பாடு அது. தகரத்தில் உலர்ந்த சூட்டில் சுடுவதற்குக் கொதிநிலை ஒரு தடையே இல்லை. 200 டிகிரி எந்த உயரத்திலும் 200 டிகிரிதான். புளிக்கவும் வேண்டாம். இந்த மலைக்கு இவ்வளவு பொருந்துகிற சாப்பாட்டைக் குறையாகப் பார்க்கிற ஊர்க்காரர்களோடு எனக்குச் சண்டையே உண்டு. மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டைச் சம்பலோடு சூடாகச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும்.

மாவைத் தூங்கவைக்கிற அதே குளிர்தான் தேயிலைக்கு வரம். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தை 12 முதல் 18 மணி நேரம் வாடவிட்டு, ஈரத்தை ஏறக்குறைய 55 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, உருட்டுகிறார்கள். இலை கசங்கியதும் உள்ளே தனித்தனியாக இருந்த நொதியும் கேட்டச்சின் என்கிற துவர்ப்புப் பொருளும் கலந்து, காற்றோடு சேர்ந்து நிறம் மாறுகின்றன. இங்கே குளிர்ச்சியில் அது நிதானமாக நடக்கிறது. சரியான கட்டத்தில் சூட்டறைக்கு அனுப்பி நிறுத்த அவகாசம் கிடைக்கிறது, நுவரெலியாத் தேயிலையின் இளநிறமும் மணமும் இதற்குக் கடன்பட்டவை. 1925-ல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் இருக்கிறது; இலை பற்றிய கணக்குகள் அங்கே உண்டு. அந்த இலையைச் சுமக்கிற உடம்பின் கணக்குத்தான் மனதை அறுக்கிறது.

சமவெளிக் கால்களுக்கு ஏற்றத்தில் மூச்சு வாங்கும், அது சில நாளில் அடங்கும். தொடை வலிப்பது இறக்கத்தால், அதுவும் மறுநாள், அதற்கு மறுநாள். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே இழுபடுகிறது. தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுவது அப்போதுதான். ஆனால் மூச்சுச் செலவில் மெல்லிய இறக்கம்தான் மலிவு. உடலியல் ஆய்வாளர் மினெட்டியின் குழுவினர் 2002-ல் அளந்தபடி, சமதரையில் ஒரு கிலோ உடல் எடையை ஒரு மீட்டர் நடத்த 1.6 ஜூல், 10 சதவீத இறக்கத்தில் அதில் பாதி, 45 சதவீத ஏற்றத்தில் 17. ஏற்றம் 25 சதவீதத்தைத் தாண்டினால் ஒரே உயரத்தை எட்டக் கூடுதல் செலவாகும் என்பதால், தோட்டத்துப் பாதைகள் வளைந்து வளைந்து போவது உடம்புக்குச் செய்கிற நியாயம்.

கொழுந்தெடுக்கிற பெண்கள் கயிற்றை உச்சந்தலையில் மாட்டிக் கூடையையோ பையையோ முதுகில் தொங்கவிடுகிறார்கள். 1986-ல் கென்யாவில் மலோய் என்ற ஆய்வாளரின் குழுவினர் அளந்தார்கள்: நெற்றிப் பட்டையில் சுமக்கும் கிகுயூ பெண்கள் தம் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை கூடுதல் ஆக்சிஜன் செலவில்லாமல் சுமந்தார்கள். 45 கிலோ எடையுள்ள ஒருத்திக்கு அது 9 கிலோ. ஆனால் அது சமதரையில் நடந்த அளவு. சரிவில், சேற்றில், செடி இடுக்கில் அந்தச் சலுகையை எதிர்பார்க்கக் கூடாது. பல தோட்டங்களில் ஒரு நாள் பேருக்கு 18 கிலோ வாக்கில் எடுக்க வேண்டும். நிறுவை தாமதமானால் 9 கிலோ தாண்டிய சுமையோடு ஏறி இறங்க வேண்டும், மழையில் நனைந்த இலைக்குத் தண்ணீரின் கனமும் சேரும். நிறுக்கும்போது தண்ணீருக்கென்று கழித்துக்கொள்வார்கள். முதுகில் சுமந்து வந்த தண்ணீரைக் கணக்கிலிருந்து கழிக்கலாம், கழுத்திலிருந்து கழிக்க முடியாது. தராசு மலைக்கு இன்னும் இரண்டு தடவை கூடுதலாக வந்தால் இதில் பெரும்பகுதி தீரும். யாராவது கேட்க வேண்டும்.

அட்டை பற்றிச் சொல்லாமல் விட்டால் புதிதாக வருகிறவர்கள் கோபிப்பார்கள். 1344-ல் சிவனொளிபாதமலைக்கு ஏறிய இபின் பதூதா, பாய்கிற அட்டைகளைப் பற்றியும் எலுமிச்சம்பழத்தைத் தயாராக வைத்திருக்கிற மக்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அட்டை தாவுமா என்று உயிரியலாளர்கள் நெடுநாள் சந்தேகப்பட்டார்கள். 2024-ல் ஃபாமி, டெஸ்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மடகாஸ்கரில் எடுத்த படம் வெளிவந்தது: இலைமேல் பின்னால் வளைந்து, உடம்பை நீட்டிக்கொண்டே விடுபடுகிறது. கடித்தால் பிய்க்காதீர்கள், நெருப்பு வைக்காதீர்கள். மெல்லிய முனைதான் வாய். நகத்தைப் பக்கவாட்டில் செலுத்தி முதலில் அதைக் கழற்றுங்கள். இரத்தம் உறையாமலிருக்க அது விட்ட புரதத்தால் கொஞ்ச நேரம் கசியும், பயப்பட ஒன்றுமில்லை.

இவ்வளவும் பழகிவிடும். பழகிய பிறகும், சித்திரை வெயிலில் காலை பத்து மணிக்குள் மாவு புளித்துவிடுமே என்று பாத்திரத்தைத் தண்ணீர்த் தாம்பாளத்தில் வைக்கிற பாட்டிகள் ஞாபகத்துக்கு வருவார்கள். அங்கே அடக்கத் தெரிய வேண்டும், இங்கே எழுப்பத் தெரிய வேண்டும்.

தைப்பொங்கல் இன்னொரு விதமாகச் சோதிக்கும். பால் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பானை சீக்கிரம் பொங்கி வழியும், லயத்துப் பிள்ளைகள் கூவிவிடுவார்கள், அரிசியோ இன்னும் பாதி வேக்காட்டில் இருக்கும். பச்சரிசியை அரை மணி நேரம் முன்னாலேயே ஊறவைத்து, வழக்கத்தைவிட ஒரு கிண்ணம் தண்ணீர் கூட்டி, பொங்கினதும் தணலைக் குறைத்துப் பத்து நிமிடம் அதிகம் விடுங்கள். வெல்லமோ கித்துள் (கூந்தல்பனை) கருப்பட்டியோ, அரிசி விரலிடுக்கில் மசிகிறதா என்று பார்த்த பிறகே சேரட்டும். முன்னால் போட்டால் இனிப்பு சேர்ந்த மாவுச்சத்து வேகுவதற்கு இன்னும் அதிகச் சூடு கேட்கும், இந்த மலையில் சூடோ ஏற்கெனவே குறைவு.