காலணிப் பெட்டி: செந்தூல் நாட்குறிப்பு

6 ஏப்ரல் 2025, ஞாயிறு

காலை ஒன்பது மணிக்கே கோலாலம்பூரின் செந்தூல் அடுக்குமாடியின் கீழ்க்கூடத்தில் கூடிவிட்டோம். வளர்ச்சிக்கும் அமைதிக்குமான அனைத்துலக விளையாட்டு நாளாக ஐ.நா. பொதுச்சபை 2013இல் அறிவித்த நாள் இது. 1896இல் ஏதென்ஸில் முதல் நவீன ஒலிம்பிக் தொடங்கியதும் ஏப்ரல் 6இல்தான். பழைய மாணவர்கள் கொண்டுவந்த காற்பந்துக் காலணிகளில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டி, கயிறு மாற்றி, இணை சேர்த்து அடுக்கினோம்.

இலங்கையின் நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்காக இரண்டு ஆண்டுகளாக இதைச் செய்கிறோம். வாரத்தில் மூன்று மாலை காற்பந்துப் பயிற்சி, அது முடிந்ததும் ஒரு மணிநேரம் வாசிப்பும் கணக்கும், வீட்டுக்குப் போகுமுன் ஆளுக்கொரு கிண்ணம் அவித்த கடலை. பயிற்றுநரான அந்த ஊர் இளைஞரின் (எங்களுக்குத் ‘தம்பி’) மாதப்படியும் கடலைச் செலவும் எங்கள் பொறுப்பு. நான் கோல சிலாங்கூர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். காலையில் தோட்டத்து ஆட்களைத் திரட்டிப் பெயர் கூப்பிடும் பெரட்டு என்ற சொல்லை அந்தத் தம்பி பேச்சுவாக்கில் சொன்ன அன்றே இந்த வேலையை விட முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

9 ஏப்ரல், புதன்

பள்ளிக்கு வராத பிள்ளை பயிற்சிக்கும் வரக்கூடாது என்ற விதியைச் சென்ற ஆண்டு நான்தான் வற்புறுத்தி எழுதினேன். நாற்பது ஆண்டுகள் உடற்கல்வி கற்பித்தவனுக்கு அது சரியான விதியாகவே தோன்றியது. ஆனால் பள்ளிக்கு மட்டம் போட்டவர்கள் திடலையும் விட்டுவிட்டார்கள். அவர்களை இழுத்துப் பிடித்திருந்த ஒரே கயிற்றை நானே அறுத்துவிட்டேன்.

கென்யத் தலைநகர் நைரோபியின் மதாரே குடிசைப் பகுதியில் 1987இல் தொடங்கிய இளைஞர் விளையாட்டுச் சங்கம் வேறு வழியைக் கண்டது. கனடாக்காரரான பாப் மன்ரோ தொடங்கிவைத்த அச்சங்கத்தில், குப்பை அள்ளித் தெருவைச் சுத்தம் செய்யும் அணிக்கு லீக் பட்டியலிலேயே புள்ளிகள் சேரும். அங்கிருந்து எழுந்த மதாரே யுனைடெட் 2008இல் கென்யாவின் முதல்நிலை லீக்கை வென்றது. அந்தக் கோப்பையைவிட, நன்மை செய்தால் அணி முழுவதும் மேலேறும் என்ற அந்தக் கணக்கே என்னைக் கவர்ந்தது. எங்கள் விதியையும் அப்படியே மாற்றினோம். அணியில் எல்லோரும் ஐந்து நாளும் பள்ளிக்குப் போனால் அணிக்குக் கூடுதல் புள்ளி. இப்போது காலையில் லயத்து வாசலில் நின்று, “எழும்பி வாடா, புள்ளி போயிரும்” என்று கூப்பிடுவது ஆசிரியர் அல்லர், அணித்தலைவன்.

14 ஏப்ரல், திங்கள், புத்தாண்டு

ஜனவரியில் கப்பலில் போட்ட பெட்டி போய்ச் சேர்ந்ததாம். வாழ்த்துச் சொல்லத் தம்பி காணொளியில் அழைத்தார். முகத்தில் மகிழ்ச்சியோடு ஒரு தயக்கமும் இருந்தது.

“சேர், சப்பாத்து எல்லாம் நல்லா இருக்கு. ஆனா பாதிக்கு மேல பெருசு. குதிகால் பக்கம் ரெண்டு விரல் நுழையுது.”

ஒரு பையனை உட்காரவைத்துக் காட்டினார். பத்து வயது. எங்கள் தமிழ்ப்பள்ளியில் அந்த வயதுக்காரர்களுக்குப் பொருந்தும் மூன்றாம் எண் காலணி அவன் காலில் படகுபோலக் கிடந்தது. ஒன்றாம் எண்தான் அவனுக்குச் சரியாக இருந்தது. அளவுப் பட்டியலை நான் தயாரித்தது இங்குள்ள பிள்ளைகளின் வயதை வைத்து. தவறு முழுவதும் என்னுடையது.

15 ஏப்ரல், செவ்வாய்

இரவெல்லாம் அந்தக் கால் கண்ணிலேயே நின்றது. இலங்கையின் 2016ஆம் ஆண்டு மக்கள்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் சுமார் 17 விழுக்காடு, தோட்டப் பகுதியில் சுமார் 32 விழுக்காடு. இந்த எண்களை நான் முன்பே படித்து, நன்கொடைக் கடிதத்தில்கூட எழுதியிருக்கிறேன். ஆனால் அன்று ஐந்து வயதுக்குட்பட்டிருந்தவர்கள்தாம் இன்று ஒன்பது வயதைத் தாண்டி எங்கள் திடலில் ஓடுகிறார்கள் என்பதைக் காலணி சொன்ன பிறகே உணர்ந்தேன்.

காலணியை நாங்கள் பந்து உதைப்பதற்காக மட்டும் அனுப்பவில்லை. கொக்கிப்புழுவின் நுண்புழுக்கள் ஈரமண்ணில் வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்தே உடலுக்குள் போகின்றன. குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கின்றன. இரத்தம் குறைந்த பிள்ளை வகுப்பில் தூங்குகிறது, ‘மக்கு’ என்று பெயர் வாங்குகிறது. நான் படித்த தோட்டப் பள்ளியிலும் அப்படிப் பெயர் வாங்கியவர்கள் இருந்தார்கள். 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் மாத்திரை ஒன்று போதும் புழுவை வெளியேற்ற, ஆனால் மறுநாளே வெறுங்காலோடு அதே மண்ணில் நடந்தால் புழு திரும்பவும் வரும். ஆகவே மாத்திரையும் சப்பாத்தும் கழிப்பறையும் சேர்ந்தே போக வேண்டும்.

3 மே, சனி

பெண்பிள்ளைகள் பன்னிரண்டு வயதோடு பயிற்சியிலிருந்து நின்றுவிடுகிறார்கள் என்று தம்பி முன்பே சொல்லியிருந்தார். வெட்கம், ஊர்ப்பேச்சு என்று நாங்களாகவே காரணம் கற்பித்துக்கொண்டிருந்தோம். தோட்டத்து டீச்சர் ஒருவர் வீடுவீடாகப் போய்க் கேட்டபோதுதான் உண்மை தெரிந்தது. அம்மா கொழுந்து பறித்துவிட்டு மலையிறங்கும்வரை தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வது அக்காவின் வேலை. அதனால் சின்னதுகளையும் திடலுக்கே கூட்டிவரச் சொல்லி, ஓரத்தில் ஒரு பாயும் வண்ணப் பென்சில்களும் போட்டோம். போன வாரம் ஏழு பெண்கள் திரும்பி வந்தார்கள்.

விளையாடினால் படிப்புக் கெடும் என்று சில தாய்மார்கள் இன்னும் அஞ்சுகிறார்கள். அவர்களிடம் சொல்ல ஓர் ஆளைச் சொல்லுங்கள் என்று டீச்சர் கேட்டார். எங்கள் மலேசிய ஓட்டக்காரர் மணி ஜெகதீசனைச் சொன்னேன். 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம். 1968இல் மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடி அவர் வைத்த தேசியச் சாதனை 49 ஆண்டுகள் நின்றது. அவர் மருத்துவரும்கூட. தாய்மார்கள் நிமிர்ந்து உட்கார்ந்தது அந்தக் கடைசிச் செய்திக்குத்தானாம்.

11 மே, ஞாயிறு

இனி வயதைக் கேட்டு எதையும் அனுப்புவதில்லை என்று முடிவுசெய்தோம். ஒவ்வொரு பிள்ளையையும் கொப்பித் தாளில் நிற்கவைத்துப் பென்சிலால் பாதத்தைச் சுற்றி வரைந்து அனுப்பச் சொன்னோம். முப்பத்தொரு தாள்கள் நேற்றுத் தபாலில் வந்தன. சிலவற்றில் தேயிலைத் தோட்டத்துச் செம்மண் விரல் அடையாளங்களாக ஒட்டியிருந்தது. கூடத்து மேசையில் அவற்றைப் பரப்பி, அடிக்கோல் வைத்து அளந்து எண் எழுதினோம். கையிருப்பில் பொருந்தாதவற்றுக்கு மஸ்ஜித் இந்தியா பக்கத்துக் கடையில் புதிதாகவே வாங்க வேண்டும். நான்கு மாதத் தபால் செலவுக்குச் சேர்த்த பணம் அதற்குப் போகும், போகட்டும்.

ஒரு தாளில் மட்டும் இரண்டு பாதங்கள் இருந்தன. பெரியதற்குள் பெயரும் வகுப்பும் எழுதியிருந்தது. அதன் பக்கத்தில், கோடு நடுங்கி வளைந்து, என் உள்ளங்கையளவுகூட இல்லாத ஒரு கால். திடலோரப் பாயில் உட்காரும் அந்தப் பிள்ளையின் தம்பியுடையதாக இருக்க வேண்டும். பட்டியலில் முப்பத்திரண்டாவதாக அதையும் எழுதிக்கொண்டேன்.