ஒரு அறை, 5 பேர், 11 கம்பளி

மே 25, 2025, ஞாயிறு

நேற்றே பருவமழை இறங்கிவிட்டது. 2009-க்குப் பிறகு கேரளத்தில் இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை என்று செய்தியில் சொன்னார்கள். ஜூன் பிறக்கட்டும் என்று நான் மெத்தனமாக இருந்துவிட்டேன். விறகு பாதி வெளியே கிடக்கிறது. துவைத்த கம்பளி ஒன்றுகூடக் காயவில்லை.

புதிதாக வாசிக்கிறவர்களுக்காக: மூணாறு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயம் (தொழிலாளர்களின் வரிசை வீடு) எங்கள் வீடு. முன்னால் சின்ன வராந்தா, நடுவில் ஒரே அறை, பின்னால் சமையல்கட்டு. அத்தை, இவர், நான், ஒன்பதாவது போகிற மகள், மூணாவது போகிற மகன். வீடு அத்தை பேரில் இருக்கிறது. பத்திரத்தில் இல்லை, வேலைப் பதிவில். அத்தைக்கு மலையில் வேலை உள்ளவரைக்கும் இந்த வீடு. அடுத்த வருஷம் அவருக்கு ஓய்வு.

இன்று மதியம் கொஞ்சம் வெறித்தது. வீட்டில் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடலாமென எல்லாவற்றையும் வராந்தாவுக்கு இழுத்தேன். கம்பளி 11. குடை 7, விரிகிறது 3. ட்ரங்குப் பெட்டி 3. மூடி இல்லாத டப்பாக்கள், டப்பா இல்லாத மூடிகள். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, “என்னடி, காலி பண்றீங்களா?” என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார். அத்தை முகம் சுருங்கிவிட்டது.

பரணில் உள்ளதை மட்டும் இறக்க அத்தை விடவில்லை. எவர்சில்வர் அண்டா 2, குடம் 6, பித்தளைத் தவலை ஒன்று. எல்லாம் செய்தித்தாள் சுற்றி, சணல் கட்டி இருக்கிறது. நான் கல்யாணமாகிப் போடியிலிருந்து மலையேறி வந்த நாளிலிருந்து அந்தக் கட்டு அவிழ்ந்ததில்லை. “அது சொந்த வீட்டுக்குத்தா” என்பார். சொந்த வீட்டுக்கு இன்னும் மனைகூட வாங்கவில்லை.

மே 26

மழை. கரண்ட் இல்லை. பீரோவைத் திறந்தால் பூசண வாடை. யாரோ ஒரு வீடியோவில் சொன்னபடி, கிண்ணத்தில் கல்லுப்பு போட்டுப் பீரோவின் கீழ்த்தட்டில் வைத்தேன். ஈரத்தை இழுத்துக்கொள்ளுமாம்.

மே 28

இழுத்தது. நன்றாகவே இழுத்தது. கிண்ணம் நிரம்பி, உப்புத் தண்ணீர் தட்டில் வழிந்து, மகளின் புது யூனிஃபார்ம் பாவாடை ஓரம் நனைந்து, தட்டு இப்போதே துருப்பிடிக்க ஆரம்பித்துவிட்டது. காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகக் கரைந்து தண்ணீராகுமாம். மகள் பாடம் எடுத்தாள். அந்த வீடியோ போட்டவர் வீடு சமவெளியில் இருக்க வேண்டும்.

அத்தை ஒன்றும் சொல்லாமல் அடுப்பிலிருந்து ஆறின கரித்துண்டுகளை ஒரு பழைய டின்னில் போட்டு, மூடியில் ஆணியால் ஓட்டை குத்திக் கொடுத்தார். கரி வழியாது. நமத்துப்போனால் அடுப்புப் பக்கம் வைத்துக் காயவிட்டுத் திரும்ப வைக்கலாம். பீரோவையும் சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளி நிறுத்தி, நான்கு காலுக்கும் பலகைத்துண்டு கொடுத்தோம். ஒட்டி நின்ற இடத்தில் சுவர் பச்சை பிடித்திருந்தது. இடம் மிச்சமென்று இத்தனை வருஷம் ஒட்டி வைத்திருந்தது நான்தான்.

மே 29

இன்று பெரிய வேலை முடிந்தது. கட்டிலைத் தூக்கினோம்.

கட்டிலுக்குக் கீழே 10 இஞ்ச்தான் இடைவெளி. ட்ரங்குப் பெட்டி நுழையாது. செருப்பும் தூசியும்தான் நுழையும். இவர் ஜீப்பில் நான்கு ஹாலோ பிளாக் கொண்டுவந்தார். கல் 8 இஞ்ச் உயரம், ஆக இடைவெளி 18 இஞ்ச். கல்லை ஓட்டை மேல் பார்க்க, சுவர் கட்டுகிற மாதிரிதான் நிறுத்த வேண்டும். பக்கவாட்டில் படுக்கப் போட்டால் பாரம் தாங்காமல் உடையும் என்று கொத்தனார் சொல்லி அனுப்பியிருந்தார். ஓட்டையின் மேல் கால் நிற்காதே என்று கல்லுக்கு மேல் ஆளுக்கொரு தடித்த பலகை வைத்தார் இவர். நான் கேட்டிருக்கவே மாட்டேன்.

மூன்று பெட்டியும் உள்ளே போய்விட்டன. நேராகத் தரையில் வைத்தால் அடி துருப்பிடித்துவிடும். பழைய தேயிலைப் பெட்டியின் பலகைகளை விரித்து அதன்மேல் தள்ளினோம். ஓரத்தில் தகரம் அடித்த அந்தப் பிளைவுட் பெட்டி இப்போது கிடைப்பதில்லை, தேயிலை காகிதச் சாக்கில் போகிறது. எங்கள் வீட்டில் மூன்று மிச்சம். ஒன்றைப் பலகைக்காக உடைத்தாயிற்று. இரண்டைப் படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அதுதான் புத்தக அலமாரி.

பெட்டிகளை ஆளுக்கு ஒன்று என்று பிரிக்கவில்லை. பருவத்துக்கு ஒன்றாகப் பிரித்தேன். மழைப்பெட்டி வெளிப்பக்கம். பனிக்காலத்துப் பெட்டி, ஸ்வெட்டர் குல்லாவோடு, அதற்குப் பின்னால். ஊர் விசேஷத்துக்குக் கட்டுகிற பட்டும் சரிகையும் சுவரோரம். பட்டுச் சேலையை வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றினேன். அந்துருண்டை சரிகையில் நேராகப் பட்டால் கறுத்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் மடிப்பை மாற்றாவிட்டால் மடித்த இடத்திலேயே இழை விட்டுப்போகும். என் கல்யாணச் சேலையில் ஒரு கோடு ஏற்கெனவே விட்டுவிட்டது. எடுத்து வைப்பது மட்டும் போதாது, எடுத்தும் பார்க்க வேண்டியிருக்கிறது.

மகனுக்குத்தான் கொண்டாட்டம். கட்டிலிலிருந்து குதிக்க 8 இஞ்ச் கூடுதல் உயரம்.

ஜூன் 1, ஞாயிறு

கப்பி நாள்!

மழைக்காலத்தில் எங்கள் அறையின் பாதி இடத்தைத் தின்பது பீரோவும் இல்லை, கட்டிலும் இல்லை. காயாத துணிதான். குறுக்கே கொடி கட்டினால் ஆறு மாதமும் ஈரப் பாவாடைக்குக் கீழே குனிந்தே நடக்க வேண்டும். சுவரில் ஆணி அடிக்கவும் வழியில்லை. பழைய கல்சுவர், அடித்தால் ஆணியோடு ஒரு கைப்பிடி மண்ணும் வரும். இந்த வீட்டில் எதைத் தொங்கவிடுவதானாலும் மேலே உத்தரத்தில்தான்.

ஆகையால் உத்தரத்தில் இரண்டு சின்னக் கப்பி, கயிறு, ஆறடி மூங்கில் ஒன்று. மூங்கிலை இடுப்பு உயரத்துக்கு இறக்கித் துணியைப் போட்டு, கிணற்றில் வாளி இறைப்பதுபோல் இழுத்தால் மேலே போய்விடும். கயிற்றை ஜன்னல் கம்பியில் கட்ட வேண்டும். சூடு மேலேதானே நிற்கும், சமையல்கட்டு வாசலுக்கு நேராக வைத்ததால் ஒன்றரை நாளில் காய்ந்துவிடும். செலவு கப்பிக்கும் கயிற்றுக்கும் மட்டும். அத்தை மூன்று தரம் ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

விறகும் உள்ளே வந்துவிட்டது. அடுப்புக்கு மேலே இருக்கும் கம்பிப் பரணில் இந்த வாரத்துக்கான விறகு. புகையிலேயே உலர்ந்துவிடும். புளி, மிளகாய்ப் பைகளும் அங்கேதான் தொங்குகின்றன. பொறி எட்டாத உயரம் வேண்டும், சிராய்ச் சுள்ளி அங்கே வேண்டாம். கேஸ் அடுப்பும் சிலிண்டரும் எதிர்ச் சுவரில் இருப்பதால்தான் இதற்குத் துணிந்தோம்.

ஜூன் 2

பள்ளிக்கூடம் திறந்தது. இரண்டு பை, இரண்டு குடை, இரண்டு ஜோடி ஷூ, எல்லாம் சொட்டச் சொட்ட. பழைய ஜீன்ஸ் பேன்ட் பைகளைப் படுதாவில் தைத்துக் கதவுக்குப் பின்னால் மாட்டினேன். குடைக்குச் சரி. ஷூவுக்கு உதவாது, கதவே நாறுகிறது.

ஜூன் 7

மூன்று நாளாக விடாத மழை. இரவு மேட்டுப் பக்கம் மண் சரிந்த சத்தம் மாதிரி ஏதோ கேட்டு நான்கு பேரும் எழுந்து உட்கார்ந்தோம். மகன் மட்டும் தூங்கினான். ஒன்றுமில்லை, மரம் முறிந்திருக்கிறது.

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் போய்விட்டார்கள். எங்களைப்போலவே கம்பளிக்குள் படுத்திருந்தவர்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு பொருளுக்கு மட்டும் இடம் மாறியதே இல்லை: வாசல் நிலைக்கு வலது பக்கம், கை நீட்டினால் எட்டுகிற கொக்கியில், ஒரு நீலப் பை. ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், அத்தையின் வேலைக் காகிதங்கள், பேங்க் புத்தகம், டார்ச், அத்தையின் பிரஷர் மாத்திரை. தடித்த பிளாஸ்டிக் உறையில் போட்டு வாய் கட்டியிருக்கிறது. டிஜிலாக்கரிலும் ஏற்றியிருக்கிறோம், ஆனால் கரண்ட்டும் டவரும் போன ராத்திரியில் போனை நம்ப எனக்குத் தைரியம் இல்லை.

இடம் கிடைக்கவில்லை என்று அந்தக் கொக்கியில் யாராவது ஜெர்கினை மாட்டினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். இன்று இவர் மாட்டியிருந்தார்.

ஜூன் 12

எலி. அரிசிச் சாக்கின் அடியில் ஓட்டை. ரேஷன் அரிசி 25 கிலோவில் எவ்வளவு போனதென்று தெரியவில்லை. வண்டுக்கு வசம்பு போட்டிருந்தேன், காய்ந்த மிளகாய் போட்டிருந்தேன், போடியிலிருந்து கொண்டுவந்த வேப்பிலைச் சருகும் போட்டிருந்தேன். (வேம்பு இந்தக் குளிரில் வராது, ஊருக்குப் போகிறபோது அம்மா மரத்தில் ஒடித்துக் காயவைத்து எடுத்துவருவேன்.) எலிக்கு வசம்பாவது வேம்பாவது. சாக்கு வைத்திருந்த இடத்தில் இப்போது ஒரு பெரிய டிரம் வேண்டும். டிரம் வைத்தால் கதவு திறக்காது.

பரணை அண்ணாந்து பார்த்தேன். அத்தையும் பார்த்தார். இரண்டு பேரும் பேசவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

காலையில் டீ குடித்து முடித்ததும் அத்தை இவரைக் கூப்பிட்டு, “ஏப்பா, அந்தப் பெரிய அண்டாவ எறக்கு” என்றார். அவ்வளவுதான். நான் பாத்திரம் கழுவுகிற மாதிரியே நின்றேன்.

சணலை அவர்தான் அவிழ்த்தார். செய்தித்தாள் பழுப்பேறி, தொட்டால் உதிர்ந்தது. மகள் துண்டுகளைச் சேர்த்து வாசித்தாள். குறிஞ்சி பூத்த செய்தி, 2006. அடுத்து 2018-ல் பூத்ததை நாங்கள் எல்லோரும் ஜீப்பில் போய்ப் பார்த்தோம். இனி 2030. அத்தை விரல் விட்டு எண்ணி, “ரெண்டு பூ முடிஞ்சிருச்சு” என்றார்.

அண்டாவின் விளிம்பில் அத்தையின் பேர் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. மகன் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “அப்பத்தா, இது யாரு?” என்று கேட்டான். வீட்டில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லையே.

துடைத்து, அடுப்புப் பக்கம் ஒரு மணி நேரம் வைத்து, ஈரம் துளியும் இல்லையென்று தெரிந்த பிறகு அரிசியைக் கொட்டினோம். பாதி அண்டாதான் வந்தது. மேலே தாம்பாளம், அதன்மேல் அம்மிக் குழவி. எலி முயற்சி செய்யட்டும். மீதிப் பாதியில் பருப்பு டப்பாக்களை இறக்கலாமா என்று யோசித்தது நான் இல்லை, அத்தை. சின்ன அண்டாவும் இறங்கியது, பிள்ளைகளின் ஸ்வெட்டருக்கு. அதனால் கட்டிலுக்கடியில் ஒரு பெட்டி காலி. குடங்கள் ஆறில் நான்கு அக்கம்பக்கத்தில் தண்ணீருக்குக் கேட்டால் கொடுக்கலாமாம்.

பித்தளைத் தவலையை மட்டும் மறுபடி மேலே ஏற்றச் சொன்னார். “அது அங்கனயே இருக்கட்டும்.” பழைய தாள் உதிர்ந்துபோனதால் இந்த வாரப் பேப்பரில் சுற்றிக் கட்டினேன்.